ஓட்டை போடுவது எப்படி?

அலங்காநல்லூர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சென்னையிலோ கோயமுத்தூரிலோ யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை அளந்து பார்ப்பார்கள். அப்புறம் சந்தேகமாகக் கேட்பார்கள். "அப்ப நீங்க மாடு பிடிப்பீங்களா சார்?"

உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் எங்கள் ஊர் என்று வழக்கமாக நடக்கும் ஜல்லிக்கட்டில், நான் இதுவரை பிடித்ததெல்லாம் கேலரியில் உட்கார ஒரு இடம்தான். ஒரு வருஷம் தெருவுக்குள் வந்துவிட்ட ஒரு காளையைப் பார்த்து வேப்பமரத்தில் ஏறினேன். ஏறியது எனக்கே தெரியாது. இறக்குவதற்குத்தான் ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் வீரம் வேறு இடத்தில் இருந்தது. (மாப்பிள்ளை என்றதும் உறவுமுறை தேடாதீர்கள். எங்கள் பக்கம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் எல்லாம் மாப்பிள்ளைதான்.) மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடியோ கேம் கடை. ஆளுயரப் பெட்டிகள் நாலு. ஒரு டோக்கன் இரண்டு ரூபாய். டியூஷனுக்கு என்று சொல்லி பஸ் ஏறினால் நேராக அங்கேதான் இறங்குவோம். சுமார் 2001, 2002 வாக்கில், மதுரையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பல்கலைக்கழகம் அது.

காப்காம் கம்பெனிக்காரன் 1993ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற ஆட்டம் அங்கே ஒரு பெட்டியில் ஓடும். இந்தப் பெயர் கடைக்காரருக்கே தெரியாது. அதில் வரும் நாலு ஹீரோக்களில் ஒருவன் பெயர் முஸ்தபா. ஆகவே ஆட்டத்தின் பெயரே 'முஸ்தபா'. அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன், நடக்க ஒரு ஸ்டிக். அவ்வளவுதான். மொத்தம் எட்டு கட்டம். எனக்கு இரண்டாவது கட்டத்திலேயே ஆயுள் முடிந்துவிடும். மாப்பிள்ளை ஒரே டோக்கனில் எட்டையும் முடிப்பான். அவன் விளையாடும்போது கடைக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நிற்பார். மாப்பிள்ளையின் வலது கை விரல்கள் பட்டன்மேல் விழுவதைப் பார்த்தால் தவில் வித்வான் மாதிரி இருக்கும்.

பிறகு நான் பி.காம். படித்து எழுத்தாளன் ஆனேன். (ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். 'வீட்டில் சும்மா இருக்கிறான்' என்பதை மாமனார் வீட்டில் மரியாதையாகச் சொல்ல ஏற்பட்ட வார்த்தை.) மாப்பிள்ளை கரும்புச்சாறு வண்டி போட்டான். கூட்டுறவு சர்க்கரை ஆலை வைக்கிற அளவுக்குக் கரும்பு விளைந்த பூமி எங்களுடையது. வியாபாரம் நன்றாகவே நடந்தது.

2022 சித்திரையில் ஒரு மத்தியானம். மெஷினில் சிக்கிய சக்கையை, மோட்டாரை நிறுத்தாமல் கையால் இழுத்திருக்கிறான். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

இதைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை. அவனும் பேச மாட்டான். கையை எப்போதும் ஒரு துண்டுக்குள் வைத்திருப்பான். வண்டியை விற்றுவிட்டான். அவன் சம்சாரம் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். இவன் உள்ளே உட்கார்ந்து சட்னி கட்டிக் கொடுப்பான், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில்.

போன வருஷம் ஆடியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பது வயது மகன் செல்போனில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

"உங்கப்பாகிட்ட கேளுடா. ஒரே டோக்கன்ல முஸ்தபாவை முடிச்ச ஆளு" என்றேன் பெருமையாக.

பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா சும்மா கதை விடுறாரு மாமா. ஒரு தடவைகூட வெளையாண்டு காட்டுனதில்ல. கேட்டா தலைவலிங்கும்."

மாப்பிள்ளை துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து உள்ளே போனான்.

செல்போனில் விளையாட இரண்டு கட்டைவிரல் போதும் என்று நாம் நினைக்கிறோம். போனைப் பிடித்துக்கொள்ள மீதி எட்டு விரல் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

* * *

வீட்டுக்கு வந்ததும் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். பழைய கடையில் இருந்த மாதிரி ஸ்டிக்கும் பட்டனும் வைத்த ஒரு பெட்டி. லேப்டாப்பில் சொருகினால் வேலை செய்ய வேண்டும். ரெடிமேடாகவே விற்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஸ்டிக் இடது பக்கம், பட்டன்கள் வலது பக்கம். மாப்பிள்ளைக்கு இது நேர் எதிராக வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையும் சேர்ந்தால் ஸ்டிக்கின் உருண்டைத் தலையைப் பிடித்துவிடலாம். பட்டனைத் தட்டும் வேலையை முழுசாக இருக்கிற இடது கை செய்யட்டும்.

இந்த இடம், வலம் சமாச்சாரம் ஒன்றும் மனுநீதி இல்லை. 1978ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெட்டியில் நகர்வதற்கே பட்டன்தான். 1980ல் வந்த 'பேக்மேன்' பெட்டியில் நட்டநடுவே ஒரே ஒரு ஸ்டிக். எந்தக் கையால் வேண்டுமானாலும் பிடி, உன் சௌகரியம். 1981ல் 'டாங்கி காங்' வந்தது. ஸ்டிக் இடது பக்கம், குதிக்கிற பட்டன் வலது பக்கம். 1991ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது வலது பக்கம் ஆறு பட்டன் ஆகிவிட்டது. பிறகு யாரும் மாற்றவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் வலது கையில் ஐந்து விரல் உண்டு என்று வைத்துக்கொண்டார்கள்.

2018ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்காரன், கை சரியாக இயங்காதவர்களுக்கென்று ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தான். மேலே உள்ளங்கை அகலத்தில் இரண்டு பெரிய பட்டன். பின்னால் 19 சாக்கெட். யாருக்கு எந்த சுவிட்ச் தோதோ அதைக் காலாலோ, முழங்கையாலோ, தலையாலோ அமுக்கும்படி அதில் சொருகிக்கொள்ளலாம். அருமையான யோசனை. விலை அமெரிக்காவில் 100 டாலர். சொருகுகிற சுவிட்சுகளுக்குத் தனிக் காசு. என் மாதாந்திர வருமானத்தை டாலரில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். ஆகவே நானே செய்வது என்று முடிவாயிற்று.

சாமான்கள் சுலபமாகக் கிடைத்தன. உள்ளே மைக்ரோ சுவிட்ச் வைத்த பட்டன்கள். நாலு திசைக்கு நாலு சுவிட்ச் வைத்த ஸ்டிக். இவற்றையெல்லாம் சேர்த்து கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்ல உள்ளங்கையில் பாதி அளவு ஒரு சர்க்யூட் போர்டு. ஒயர்களைச் சொருகினால் போதும், பற்றவைக்கக்கூட வேண்டாம். எல்லாம் தபாலில் வந்து சேர்ந்தது. மேலே மூடுவதற்கு, சிம்மக்கல் பக்கம் நேம் போர்டு செய்யும் கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டில் ஒரு வெட்டுத் துண்டு வாங்கினேன். யாரோ ஒரு வக்கீலுக்குப் போர்டு செய்ததில் மிஞ்சியது.

பாக்கி ஒரே ஒரு வேலை. அந்த ஷீட்டில் ஓட்டை போட வேண்டும். பட்டனுக்கு 30 மில்லிமீட்டரில் ஆறு, சின்ன பட்டனுக்கு 24 மில்லிமீட்டரில் இரண்டு, ஸ்டிக்குக்கு ஒன்று, ஸ்டிக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு நாலு, மூலைக்கு நாலு. மொத்தம் 17 ஓட்டை.

பட்ஜெட்டில் விழும் ஓட்டையைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். பிளாஸ்டிக்கில் போடும் ஓட்டையைப் பற்றி எங்கள் பி.காம். சிலபஸில் எதுவும் இல்லை.

* * *

தெரு எலெக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கினேன். சுவரில் ஓட்டை போடுகிற மெஷின். ஸ்டிக்கும் பட்டனும் எங்கே வர வேண்டும் என்று ஒரு ரெடிமேட் படத்தைப் பிரிண்ட் எடுத்து, இடம் வலம் மாற்றி ஷீட்டில் ஒட்டினேன். ஷீட்டைத் திண்ணை ஓரத்தில் வைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மெஷினை முடுக்கினேன்.

முதல் ஓட்டையில் புகை வந்தது. பிளாஸ்டிக் சீவலாக வராமல் பாகாக உருகி, பிட்டைச் சுற்றி ஜவ்வு மிட்டாய் மாதிரி சுற்றிக்கொண்டது. இரண்டாவது ஓட்டை, வட்டம் என்று அதைப் பெற்ற தாய்கூடச் சொல்ல மாட்டாள். மூன்றாவது ஓட்டையில் பாதி போனதும் அழுத்தம் போதவில்லை என்று மெஷினில் இருந்த ஒரு திருகைத் திருப்பினேன். அதற்குப் பெயர் 'ஹேமர் மோடு' என்று பிற்பாடு தெரிந்தது. கருங்கல்லை உடைக்க வைத்திருக்கிறார்களாம்.

'டப்' என்று ஒரு சத்தம். வக்கீல் போர்டின் மிச்சம் மூன்று கட்சிகளாகப் பிரிந்தது.

என் கணக்கு நோட்டில் அந்த ஷீட்டை 'வெட்டிச் செலவு' என்ற தலைப்பில் எழுதினேன். வெட்டியதற்கான செலவு. தலைப்பு பொருத்தம்தானே?

உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பிட்டர் பெரியப்பாவிடம் போனேன். சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்து ரிட்டயர்ட் ஆனவர். எழுபதைத் தாண்டிய வயது. ஊரில் எந்த மோட்டார் நின்றாலும் ஆஸ்பத்திரிக்கு முன்னால் அவரிடம்தான் வரும். துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல விரிசலைப் பார்த்தார்.

"அடியில கட்டை வச்சியா?"

"இல்ல பெரியப்பா."

"கிளாம்ப் போட்டியா?"

"காலால மிதிச்சுக்கிட்டேன்."

"பிட்டு எது?"

"சுவத்துக்குப் போடுறது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை, நான் இன்டர்வியூக்குப் போன மூன்று கம்பெனிகளிலும் பார்த்திருக்கிறேன்.

"உள்ள போறப்ப எவனும் உடைக்கிறதில்லடா" என்றார். "மறுபக்கம் பிட்டு எட்டிப் பாக்குது பாரு, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு ஒரு அமுக்கு அமுக்குவான். அங்கதான் உடையும். கடைசி ஒரு நூலு இருக்கப்பதான் கையை மெதுவாக்கணும்."

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை, எனக்கு நேர்ந்த கதி உங்களுக்கு நேராமல் இருக்க, இங்கே கொடுத்துவிடுகிறேன். ஆபீஸில் வேலையில்லாத நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஷீட்டின்மேல் ஒட்டியிருக்கும் பேப்பரை உரிக்காதே. கீறல் விழாது. ஓட்டை வரும் இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் குறி. ஆணி வைத்துச் சுத்தியலால் தட்டி அடையாளம் போடாதே. அங்கேயே விரிசல் ஆரம்பித்துவிடும்.

இரண்டு: ஷீட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை இடைவெளி இல்லாமல் வை. பிட் மறுபக்கம் வரும்போது பிளாஸ்டிக் பிய்ந்து போகாமல் அது தாங்கும். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கு.

மூன்று: இரும்புக்குப் போடும் புது பிட் பிளாஸ்டிக்கைக் கடித்து இழுக்கும். அதன் வெட்டு முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்து மழுக்கு. அப்போது கடிக்காது, சுரண்டும். பிளாஸ்டிக்குக்குச் சுரண்டல்தான் நல்லது. (அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

நாலு: முதலில் 3 மில்லிமீட்டரில் சின்ன ஓட்டை. பிறகு ஸ்டெப் பிட். கோயில் கோபுரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். 4, 6, 8 என்று படிப்படியாக ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். 30வது படிக்கு மேலே ஒரு டேப்பைச் சுற்றிவிடு. இல்லாவிட்டால் ஆசையில் 32க்குப் போய்விடுவாய். பட்டன் உள்ளே விழுந்து தொலையும்.

ஐந்து: வேகம் கூடாது. அக்ரிலிக் கொதிக்கிற தண்ணீரின் சூட்டிலேயே இளகத் தொடங்கும் ரகம். அடிக்கடி பிட்டைத் தூக்கிச் சீவலைத் தட்டு. சூடு ஏறினால், மெஷினை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வை.

ஆறு: ஓரத்துக்குப் பக்கத்தில் ஓட்டை போடாதே. ஸ்க்ரூவுக்குப் போடும் ஓட்டை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். வாஷர் போட்டு, அளவோடு முடுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினால், ராத்திரி நீ தூங்கும்போது அது தானாக வெடிக்கும்.

"முக்கியமா கண்ணுக்குக் கண்ணாடி போடு" என்றவர், உடைந்த துண்டை எடுத்துத் தன் வலது கண்ணுக்கு நேரே ஆட்டினார். "எங் கண்ணுக்குள்ள இருக்கிறதே இதான்டா."

* * *

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2003ல் அவருக்கு அரவிந்த் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் ஆனது. அப்போது வைத்தது கடினமான பிளாஸ்டிக் லென்ஸ். அதன் முழுப்பெயர் பாலி மீத்தைல் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக, நான் திண்ணையில் உடைத்த அதே அக்ரிலிக்.

1933ல் ஜெர்மனியில் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரில் இது வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலே கண்ணாடி மாதிரி மூடியிருந்தது இதுதான். அது உடைந்து சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். அந்தச் சில்லுகள் கண்ணுக்குள்ளேயே கிடந்தும் கண் அவற்றை எதிர்த்து வீங்கவில்லை. அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து வைத்தால் என்ன? 1949ல் லண்டனில் வைத்தே விட்டார். இறக்குமதியில் யானை விலை விற்ற அந்த லென்ஸை, 1992லிருந்து மதுரையில் அரவிந்தின் ஆரோலேப் தானே தயாரிக்க ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது. பிட்டர் பெரியப்பாவின் கண் திறந்தது அதனால்தான்.

"பிளாஸ்டிக் கண்ணுக்குள்ள போனா ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு. அதுக்காக நீ கண்ணைத் திறந்து வச்சு டெஸ்ட் பண்ணாத" என்று எச்சரித்தார் பெரியப்பா. பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா, யாருக்குடா இது?"

சொன்னேன்.

"அவன் கையை அளந்தியா?"

விழித்தேன். திடீரென்று கொண்டுபோய்க் கொடுத்து அசத்த வேண்டும் என்று அவனிடம் சொல்லவே இல்லை. யாரோ ஒரு ஜப்பான்காரனின் கைக்குப் போட்ட படத்தை இடம் வலம் மாற்றி ஒட்டியிருந்தேன். அவ்வளவுதான்.

"சட்டை தைக்கிறவன்கூட அளவு எடுக்கிறான். நீ பாட்டுக்கு ஓட்டையைப் போட்டுட்டு, கையை அதுக்குள்ள நொழைக்கச் சொல்லுவியா? அந்த ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச பெரிய டாக்டரோட கை தெரியுமா உனக்கு?"

தெரியும். டாக்டர் ஜி. வெங்கடசாமி. மதுரைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர். முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் வந்து கை விரல்கள் எல்லாம் கோணிப்போயின. பேனா பிடிப்பதே கஷ்டம் என்ற நிலைமை. அவர் கண் மருத்துவம் படித்தார். தன் விரல்களுக்கு ஏற்றபடி செய்த கருவிகளை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். கண்ணில் ஆபரேஷன்! அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேலே ஆபரேஷன் செய்தார். ரிட்டயர்ட் ஆன பிறகு 1976ல் 11 படுக்கையோடு அரவிந்தை ஆரம்பித்தார். 2006ல் மறைந்தார்.

எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. மாப்பிள்ளையிடம் போய்க் 'கையைக் காட்டு' என்று கேட்கிற தைரியம்தான் இல்லை. அதற்குப் பயந்துதான் 'சர்ப்ரைஸ்' என்று பெயர் வைத்திருந்தேன். வேப்பமரம் ஏறிய புத்தி போகுமா?

* * *

ஞாயிற்றுக்கிழமை, இட்லிக் கடை முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஸ்டிக், பட்டன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பினேன். மாப்பிள்ளை பார்த்தான். ஒரு பட்டனை இடது கையால் எடுத்து 'டிக், டிக்' என்று அமுக்கிப் பார்த்தான். முகம் லேசாக மலர்ந்தது.

"எதுக்குடா ஆறு பட்டன்? அடிக்க ஒண்ணு, குதிக்க ஒண்ணு. போனாப்போகுது, இன்னொண்ணு வச்சுக்க. கூட்டம் சுத்திக்கிட்டா அமுக்க."

மூன்று ஓட்டை குறைந்தது! இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஒரு பழைய தினசரியை விரித்து, இடது கையை அதன்மேல் வைக்கச் சொன்னேன். விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். விரல் நுனி தானாக விழும் இடங்களில் மூன்று புள்ளி வைத்தேன். நடுவிரலுக்கு உயரத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் கொஞ்சம் இறக்கி ஒவ்வொன்று.

"இப்ப... வலது கை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் அசையவில்லை. துண்டு மடியில் அப்படியே இருந்தது. நான் பென்சில் சீவ ஆரம்பித்தேன். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

"குடுங்க மாமா, நீங்க கோணக்கோணையா வரையிறீங்க" என்று பையன் என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினான். அப்பாவின் துண்டை விலக்கி, கையை எடுத்துத் தாளின்மேல் வைத்து, ஸ்கூல் டிராயிங் மாதிரி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வரைய ஆரம்பித்தான். கட்டைவிரல். அப்புறம் மேடு. அப்புறம் சுண்டுவிரல்.

"ஆட்டாதீங்கப்பா."

"நான் ஆட்டலடா" என்றான் மாப்பிள்ளை.

ஆடத்தான் செய்தது. பையன் அதற்காகக் கையை மறுகையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

* * *

அடுத்த ஷீட் பிட்டர் பெரியப்பா மேற்பார்வையில் வெட்டப்பட்டது. சிம்மக்கல் கடையில் இந்தத் தடவை கிடைத்தது ஒரு பல் டாக்டரின் மிச்சம். 14 ஓட்டை. பையன் ஒவ்வொன்றாக எண்ணினான். எனக்கும் அவனுக்கும் பெரியப்பாவின் வெல்டிங் காலத்துக் கண்ணாடிகள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் ராக்கெட் விடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அரைமணியில் முடியும் என்று நான் நினைத்த வேலைக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு ஓட்டையிலும் பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நேரம் வந்ததும், பெரியப்பா "ம்..." என்று ஒரு சத்தம் கொடுப்பார். கையை மெதுவாக்குவேன். பிளாஸ்டிக் சீவல் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக விழுந்தது. புகை இல்லை, 'டப்' இல்லை. பட்டனை வைத்து அமுக்கினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எந்த சங்கீதத்தையும் ஈடு சொல்ல மாட்டேன்.

ஒரு சங்கதி பாக்கி இருந்தது. மாப்பிள்ளை ஸ்டிக்கை விரலால் அல்ல, கையின் முழு பலத்தோடு ஆட்டுவான். 3 மில்லிமீட்டர் ஷீட் அதற்குத் துள்ளும். ஆகவே ஸ்டிக்குக்கு அடியில் குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுத்து, ஸ்க்ரூவை அதில் இறக்கினார் பெரியப்பா. பெட்டி, பழைய பிளைவுட். இட்லிக் கடைக்கு வைத்திருந்த மெனு போர்டு என்று மாப்பிள்ளையின் சம்சாரம் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள்.

என் பழைய லேப்டாப்பில் சொருகினோம். முஸ்தபா வந்தான்.

சினிமாவாக இருந்தால் மாப்பிள்ளை இந்த இடத்தில் எட்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் முடித்திருப்பான். நடந்தது அதுவல்ல. முதல் கட்டத்திலேயே செத்தான். மறுபடி செத்தான். இருபது வருஷமாக இடது கையில் இருந்த ஸ்டிக்கை மூளை வலது கையில் தேடத் தெரியாமல் தடுமாறியது. மேலே போகச் சொன்னால் குதித்தான், குதிக்கச் சொன்னால் சும்மா நின்று அடி வாங்கினான்.

பையன் என்னைப் பார்த்து, 'நான் சொன்னேன்ல' என்று கண்ணைச் சிமிட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் மாப்பிள்ளை பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றும் சொல்லவில்லை. மடியில் கிடந்த துண்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு போடுடா" என்றான். அந்தக் காலத்தில் கடைக்காரரிடம் சொல்கிற அதே தோரணை.

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது நாலாவது கட்டத்தில் இருந்தான். அப்படி ஆடியதை நான் பார்த்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தவில் இப்போது இடது கைக்கு மாறியிருந்தது. கொஞ்சம் தாளம் பிசகத்தான் செய்தது. இட்லி வாங்க வந்த இரண்டு பேர் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் அவர்களுக்கு கமெண்டரி கொடுத்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா சின்ன வயசுல ஒரே டோக்கன்ல முடிச்சவரு. தெரியும்ல?"

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஷீட் இரண்டு, ஸ்டெப் பிட் ஒன்று, பட்டன், ஸ்டிக், போர்டு, எலெக்ட்ரீஷியனின் மெஷினுக்குக் கரியுருக் (கார்பன்) பிரஷ் மாற்றிக் கொடுத்தது எல்லாம் பற்றுப் பக்கத்தில். வரவுப் பக்கத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. பி.காம்.மில் 'குட்வில்' என்று ஒரு பாடம் இருந்தது. அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது பையன் வாசல் வரை வந்தான். "மாமா, எனக்கும் ஒரு பெட்டி வேணும். நானும் அப்பாவும் சேந்து ஆடணும். எனக்கு ஸ்டிக்கு இந்தப் பக்கம்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"டேய், மொதல்ல அவன் கையை அளந்துக்க. வளர்ற புள்ள... யூனிஃபார்ம் தைக்கிற மாதிரி கொஞ்சம் விட்டுப் போடு!"